படகில் பெட்ரோல் வாசனை வருதா? உடனே சாவியைத் திருப்பாதீங்க... ஏன் தெரியுமா?

காரில் ஏறியதும் சாவியைத் திருப்பிக் கிளம்புவது நமக்குப் பழக்கம். ஆனால், மூடிய அறைக்குள் பெட்ரோல் இன்ஜின் இருக்கும் படகில் அப்படிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 1980 ஜூலை 31-க்குப் பிறகு கட்டப்பட்ட இத்தகைய படகுகளில், உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும் ‘புளோயர்’ மின்விசிறி கட்டாயம். ‘ஸ்டார்ட் செய்யும் முன் 4 நிமிடம் புளோயரை ஓட விடுங்கள்’ என்ற எச்சரிக்கையும் ஒட்டப்பட்டிருக்கும்.

எதற்காக இந்த 4 நிமிடம்?

காரில் இல்லாத ஆபத்து படகில் ஏன்?

பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. காரில் பெட்ரோல் கசிந்தால் கீழே சாலையில் சொட்டும், ஆவி காற்றில் கலைந்துவிடும். படகு அப்படியில்லை. அது ஒரு கிண்ணம் மாதிரி. தண்ணீர் உள்ளே வராதபடி கட்டியிருப்பதால், உள்ளே இருக்கும் ஆவியும் வெளியே போக வழியில்லை. ‘பில்ஜ்’ எனப்படும் அடிப்பகுதியில் போய்த் தேங்கி நிற்கும்.

காற்றில் வெறும் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலே தீப்பிடிக்கும். அதற்கு வெயிலும் தேவையில்லை. மைனஸ் 40 டிகிரி குளிரில்கூட, பற்றிக்கொள்ளும் அளவுக்குப் பெட்ரோல் ஆவியாகும். டீசல் அப்படி எளிதில் ஆவியாகாது என்பதால் டீசல் படகுகளில் இந்த ஆபத்து குறைவு.

தீப்பொறி எங்கிருந்து வருது?

சிகரெட், அடுப்பு மட்டுமல்ல. ஸ்டார்ட்டர் மோட்டார், பில்ஜ் பம்ப், லூசான பேட்டரி டெர்மினல் என எதில் இருந்தும் தீப்பொறி வரலாம். அதனால்தான் படகுக்கான ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்றவை, உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்ற வைக்காதபடி தயாரிக்கப்படுகின்றன. விலை குறைவு என்று கார் ஸ்பேர் பார்ட்ஸை மாட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்!

பெட்ரோல் போடும்போது கவனிக்க வேண்டியவை

* இன்ஜின், அடுப்பு, மின் ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். பயணிகளைக் கரையில் இறக்கிவிடுங்கள்.
* ஆவி உள்ளே இறங்காதபடி கதவு, ஜன்னல், மூடிகளைச் சாத்துங்கள்.
* கேன், தனி டேங்க் போன்றவற்றைப் படகிலேயே வைத்து நிரப்பாதீர்கள். கரையில் இறக்கி, தரையில் வைத்து நிரப்புங்கள். நாசில், டேங்கின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். நிலை மின்சாரப் பொறியைத் தவிர்க்க இது முக்கியம்.
* கழுத்து வரை நிரப்பக் கூடாது. வெயிலில் பெட்ரோல் விரிவடைந்து வழியும்.
* சிந்தினால் உடனே துடையுங்கள். துடைத்த துணியையும் படகில் வைக்காதீர்கள்.

போட்ட பிறகு என்ன செய்யணும்?

சாத்திய எல்லாவற்றையும் திறந்து 4 நிமிடம் புளோயரை ஓட விடுங்கள். பிறகு இன்ஜின் அறையைத் திறந்து, குனிந்து அடிப்பகுதியை முகர்ந்து பாருங்கள். ஆவி கீழே தங்கும் என்பதால் நின்றபடி முகர்ந்தால் தெரியாது. டிடெக்டர் கருவி இருந்தாலும் மூக்கால் ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது.

புளோயர் என்பது தேங்கிய ஆவியை வெளியேற்ற மட்டுமே, கசிவை அது நிறுத்தாது. எனவே ஹோஸை அடிக்கடி அழுத்திப் பாருங்கள். விறைத்தோ, வெடித்தோ, பிசுபிசுத்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

நம்ம ஊர் ஃபைபர் படகுகளுக்கும் இது பொருந்துமா?

கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் அவுட்போர்டு இன்ஜினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வழக்கம் உண்டு. இன்ஜின் வெளியே திறந்த காற்றில் இருப்பதால் அங்கே ஆவி தேங்காது. ஆனால் பெட்ரோல் கேனை மூடிய தட்டுக்கு அடியிலோ, வலைக்கு அடியிலோ வைத்தால் அதே ஆபத்துதான். காற்றோட்டமான இடத்தில், மூடியை இறுக்கி, அசையாமல் கட்டி வையுங்கள். பக்கத்தில் பீடியோ, அடுப்போ பற்ற வைக்க வேண்டாம்.

வாசனை வந்துட்டா?

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வாசனை கடுமையாக இருந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். பேட்டரி வயரையும் கழற்றாதீர்கள், கழற்றும்போதுகூடப் பொறி பறக்கும். மூடிகளைத் திறந்துவிட்டு எல்லோரும் கரைக்கு வந்துவிடுங்கள். கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே கிளம்ப வேண்டும்.

ஒருவேளை தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும், தீ இன்னும் பரவும். நுரை அல்லது உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று, இன்ஜினுக்குப் பக்கத்தில் இல்லாமல், சட்டென்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.