செலுத்தாத பாக்கி

'பே' என்னும் ஆங்கில வினைச்சொல் இன்று பணம் கொடுத்தலைக் குறிக்கின்றது. அதன் மூலமாகிய 'பாகாரே' என்னும் இலத்தீன் வினைக்கோ சமாதானப்படுத்துதல் என்பதே பொருள். கடன் கொடுத்தவனைத் தணிவித்தல் பின்னர்க் கடன் தீர்த்தலாயிற்று. கவனத்தையும் மரியாதையையுங்கூட ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே அளிப்பர். நாமும் வரி, கவனம், மரியாதை மூன்றையும் 'செலுத்துகிறோம்'.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம்மவர்க்கு நேர்ந்ததென்ன? ஊதியத்தைக் குறிக்கும் நம் 'கூலி' என்னுஞ் சொல்லே உழைத்தவனுக்குப் பெயராயிற்று. அப்பெயரைக் குஜராத்தின் கோலி இனத்தோடு இணைப்பாரும் உளர். எவ்வாறாயினும் இழிவு ஒன்றே. 1910இல் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆளெடுத்தல் நின்றது, பெயர் நிற்கவில்லை. துரைமார் கூலியைச் செலுத்தினர், மரியாதையைச் செலுத்தினாரில்லை.

இன்று வங்கத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து இங்கு உழைப்போர்க்கு நாம் செலுத்துவதென்ன? இரண்டுஞ் செலுத்தாவிடத்துச் சமாதானம் ஏது?