வாய்விட்டு வாசிப்பதற்கான படநூல் தேர்வு: சேலம், நாமக்கல் சமவெளி

படநூல் என்பது கதையில் பாதியைப் படங்களும் மீதியைச் சொற்களும் சொல்லும் சிறார் நூல். தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் அதை வாய்விட்டு வாசிக்க, பிள்ளைகள் படத்தைப் பார்த்தபடி கேட்பார்கள். தனியே படிக்க நன்றாயிருக்கும் நூலெல்லாம் இதற்குப் பொருந்துவதில்லை என்பதால், தேர்வில் கவனம் தேவை.

பின்னணி

1658-இல் நியூரம்பர்க்கில் கல்வியாளர் கொமேனியஸ் வெளியிட்ட படப் பாடநூல் இவ்வகையின் முன்னோடி. இந்தியாவில் 1957-இல் நேஷனல் புக் டிரஸ்டும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் தோன்றின. சென்னையில் தாரா (1994), தூலிகா (1996) பதிப்பகங்களும், பெங்களூரில் பிரதம் புக்ஸும் (2004) தொடங்கிய பின் படநூல் வகைகள் பெருகின.

வட்டாரச் சூழல்

கொங்குத் தமிழ் பேசும் பிள்ளைகளோடு, வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகளும் இங்கே ஒரே வகுப்பில் இருப்பார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவிலும், லாரி ஓட்டும் தந்தையர் நாள்கணக்கில் வெளியூரில் இருக்கும் வீடுகளிலும் கதை கேட்க நேரம் வாய்ப்பது அரிது. பலருக்குப் பள்ளியில் கேட்பதே முதல் புத்தகக் கதை. அது நல்ல புத்தகமாக இருப்பது அவர்களுக்குரிய உரிமை.

தேர்வு அளவுகோல்கள்

படம்: கடைசி வரிசைக்கும் தெரியும் அளவில், இரு பக்கமும் விரிந்திருப்பது நல்லது. சொல்லில் வராத ஒன்றைப் படம் காட்டவேண்டும்.

மொழி: ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வரிகளும், பிள்ளைகள் சேர்ந்து சொல்லும்படி திரும்பத் திரும்ப வரும் வரியும் உதவும். நாக்கு தடுக்கும் மொழிபெயர்ப்புகளை முன்கூட்டியே ஒருமுறை வாசித்துப் பார்த்து விலக்கலாம்.

பொருள்: கடைசிப் பக்கத்தில் ஒட்டவைத்த நீதியைவிட, பிள்ளையைக் கேள்வி கேட்கவைக்கும் கதை மேல். கறுத்த நிறத்தையோ ஏழ்மையையோ இழிவாக வரைந்த நூல்களைத் தவிர்க்கவேண்டும். மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணை, காவிரிக் கரை போன்ற தெரிந்த உலகமும், கடல், பனி போன்ற தெரியாத உலகமும் மாறிமாறி வருவது நலம்.

வாசிக்கும் முறை

அட்டைப் படத்தைக் காட்டி, கதை என்னவாக இருக்கும் என்று கேட்டுத் தொடங்கலாம். பாத்திரங்களின் பேச்சை ஊர்ப் பேச்சில் வாசிக்கலாம். தாய்வழிப் பாட்டியை ‘அம்மாயி’ என்றும் தாத்தாவை ‘அப்பச்சி’ என்றும் சொன்னால் பிள்ளைகள் கதைக்குள் சட்டென நுழைந்துவிடுவார்கள். கதை சொல்லும் வரிகளை எழுத்துத் தமிழிலேயே வாசிப்பதால் அந்த நடையும் காதுக்குப் பழகும். ஒரே நூலை மீண்டும் வாசிப்பது வீண் அல்ல. முதல்முறை கதையைப் பின்தொடரும் பிள்ளை, மறுமுறை சொற்களைப் பிடிக்கும்.

கிடைக்கும் வழிகள்

1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு வசூலிக்கப்படும் நூலக வரியால் மாவட்ட நூலகங்கள் இயங்குகின்றன. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு படிநிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் மொழிபெயர்க்கவும் அனுமதி உண்டு. தூலிகாவின் நூல்கள் தமிழோடு தெலுங்கு, கன்னடப் பதிப்புகளிலும் வருவதால் பலமொழி வகுப்புக்கு ஏற்றவை. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற நிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டது. இந்த நிலைகள் பிள்ளை தானே படிப்பதற்கானவை. கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் படிக்கும் திறனுக்கு முன்னே ஓடுவதால், வாய்விட்டு வாசிக்க ஒரு நிலை மேலே உள்ள நூலையும் தயங்காமல் எடுக்கலாம்.