கரும்புக் கரைகள் – 6: சீமாட்டியின் மொட்டை மாடி

திருவேட்டக்குடிக் கடற்கரையிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ரீயூனியன் தீவில் ஒரு தோட்ட பங்களா. அதன் உச்சியில் நம்மூர்க் கொத்தனாரின் கைவரிசை எப்படி வந்தது என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

சென் ழீல் மேட்டில் 1787-இல் அந்த வீட்டைக் கட்டியவர் ஆன்றி போலேன் பனோன் தெபசேன். இரண்டு அடுக்கு. முகப்பில் கீழும் மேலும் தூண் வைத்த தாழ்வாரம். மேலே சரிந்த கூரை இல்லை, தட்டையான சுண்ணாம்புத் தளம். புதுச்சேரி வெள்ளைக்காரத் தெருவிலிருந்து ஒரு வீட்டைப் பெயர்த்து வைத்தது போலிருக்கும்.

காரைக்கால் பழைய வீடுகளில் இன்றும் அண்ணாந்து பார்த்தால் இதே வேலை தெரியும். மர உத்தரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாகக் குத்திட்டு அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். தட்டுவதில் குறை வைத்தால் அடுத்த மழைக்கே ஒழுகும். இந்தியக் கரையிலிருந்து போன இந்தத் தளவேலைக்கு அந்தத் தீவில் அர்கமாஸ் என்று பெயர்.

1800-இல் கணவர் இறந்தபின் தோட்டத்தை ஆண்டவர் மனைவி ஓம்பிலின். பருத்தி, காப்பி, பிறகு கரும்பு. 1846-இல் அவர் கண்மூடும்போது நானூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் அவர் சொத்து. செத்தும் எரிமலைத் தீயில் வெந்துகொண்டிருக்கிறார் என்று தீவு மக்கள் கதை சொல்கிறார்கள். இன்று அந்த வீடு அருங்காட்சியகம். தூண்களின் அழகை மட்டும் பார்த்துத் திரும்புவது அநியாயம். அதே வளவில் அடிமைகளின் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. முதலில் அங்கேதான் போக வேண்டும்.

1848 டிசம்பர் 20 அன்று தீவில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? அதற்கான வழியை இருபது வருஷம் முன்பே தேடத் தொடங்கிவிட்டார்கள். 1826-இல் புதுச்சேரிக்குப் புதிய கவர்னர் வந்திறங்கினார். இன்றைய ரோமன் ரோலன் நூலகத்தை 1827-இல் தொடங்கி வைத்தவர் அவர்தான். 1828-இல் ஏனாமிலிருந்து தெலுங்குக் கூலிகளின் முதல் குழு அந்தத் தீவுக்குக் கப்பலேறியது.

கவர்னரின் பெயர் எழேன் தெபசேன் தெ ரிஷ்மோன். ஆம், அதே தெபசேன் குடும்பம்!

கப்பலேறியவர்களுக்குச் சொன்ன வாக்கு என்ன, கரையிறங்கியதும் கிடைத்தது என்ன?

(அடுத்த வாரம்)