கவனமும் அதன் நோயும்



அரசர்களுக்கு மட்டுமன்று, நோய்களுக்கும் வரலாறு உண்டு. அதிலும் ஆண்டுகள் உண்டு, வெற்றிகள் உண்டு, நீண்ட மறதிகளும் உண்டு. அம்மை, காலரா, காசம் ஆகியவற்றின் வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். இன்று நான் சொல்ல வந்தது, காய்ச்சலும் வலியும் இல்லாத, புறத்தே ஓர் அடையாளமும் காட்டாத ஒரு கோளாற்றின் வரலாறு. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்த இயலாமை, அதனோடு பெரும்பாலும் சேர்ந்து வரும் அமைதியின்மை, அவசரம் ஆகிய இவற்றை மருத்துவர்கள் 'கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு' என்பர். ஏ.டி.எச்.டி. என்னும் சுருக்கப் பெயரே பலருக்கும் பழக்கமானது. இது குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்று நெடுங்காலம் எண்ணினர். வளர்ந்தவர்களுக்கும் இஃது உண்டு என்பதை மருத்துவ உலகம் ஏற்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தின் கதையே இன்றைய பேச்சு.

ஜெர்மானிய மருத்துவர் மெல்கியோர் ஆடம் வைக்கார்டு என்பவர் 1775ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ நூல் வெளியிட்டார். அதில் கவனக் குறைவுக்கென ஒரு பகுதி ஒதுக்கினார். ஒன்றைத் தொடங்கி முடிக்காதவர், எதையும் ஆழ்ந்து நோக்காதவர், அற்ப ஓசைக்கும் மனம் அலைபவர் ஆகியோரை அதில் அவர் விவரித்தார். குளிர்ந்த நீராட்டு, குதிரையேற்றம், உடற்பயிற்சி ஆகியவை அவர் கூறிய மருந்துகள். 1798இல் ஸ்காட்லாந்து நாட்டவரான அலெக்சாண்டர் கிரைட்டன் மனக் கோளாறுகளைப் பற்றி எழுதிய நூலில், கவனத்துக்கும் அதன் நோய்களுக்கும் ஓர் அத்தியாயமே எழுதினார். சிலருக்கு இக்குறை பிறவியிலேயே அமையலாம் என்று கூறிய அவர், வயது ஏற ஏற இது பொதுவாகக் குறையும் என்றும் எழுதினார். பின்னைய மருத்துவரும் வேறு வழிகளில் இதே முடிவுக்கு வந்து, அதிலேயே நெடுங்காலம் நின்றுவிட்டனர்.

1902ஆம் ஆண்டில் லண்டன் அரச மருத்துவக் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவுக் குறைவு இல்லாத சில குழந்தைகளுங்கூடத் தம்மை அடக்கிக்கொள்ள இயலாமல் இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். குறை வளர்ப்பில் மட்டும் இல்லை, உடலிலும் இருக்கக்கூடும் என்றது அவருடைய பெருமை. ஆனால் அதற்கு அவர் இட்ட பெயர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்பது. பெயர் ஒரு முத்திரை அல்லவா? ஒழுக்கம் என்ற சொல் ஒட்டிக்கொண்டவுடன், நோயாளி குற்றவாளியாகக் காணப்படுவதும் எளிதாயிற்று.

மருந்து தற்செயலாக வந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவ இல்லத்தில் பணியாற்றிய சார்லஸ் பிராட்லி, மூளைப் பரிசோதனைக்குப் பின் குழந்தைகளுக்கு வந்த தலைவலியைப் போக்கப் பென்சிடிரின் என்னும் கிளர்ச்சி மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகத் தணியவில்லை. பாடத்தில் மனம் நின்றது! 30 குழந்தைகளுக்கு அளித்துக் கண்ட பலனை 1937இல் அவர் வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப்பேர் பள்ளி வேலையில் வியக்கத்தக்க முன்னேற்றம் அடைந்தனர். குழந்தைகள் அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயரிட்டனராம். 1944இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்து வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்பெனிடேட் என்னும் மருந்தை உருவாக்கினார். தம் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு 'ரிட்டலின்' என்று பெயரிட்டார். 1954இல் அது கடைக்கு வந்தது.

இவ்வாறு மருந்து கிடைத்துவிட்டது. ஆயினும் வளர்ந்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1968இல் வெளியிட்ட நோய்ப் பட்டியல், இதைக் குழந்தைப் பருவத்துக்குரியதாகவே குறித்தது. இளமைப் பருவத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றும் கூறிற்று. ஓடியாடும் இயல்பு தணிவது உண்மையே. ஓட்டம் உள்ளே போய்விடுகிறது, கவனமோ நிலைகொள்வதில்லை. கண்ணுக்குத் தெரிந்தது மறைந்ததும், நோயே மறைந்ததாக எண்ணிவிட்டனர்.

இந்த எண்ணத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர் யூட்டா பல்கலைக்கழகத்தின் பால் வெண்டர். அவரும் உடன் உழைத்தோரும் 1976இல், இக்கோளாறு உடைய 15 வளர்ந்தவர்களுக்கு மருந்தளித்துக் கண்ட முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுடைய இளமைக்கால இயல்பைப் பெற்றோரிடமே கேட்டறிந்தனர். வைக்கார்டு எழுதி 201 ஆண்டுகள் கழித்து, வளர்ந்தவர்களின் வாழ்க்கை வரலாறு இவ்வாறு மருத்துவச் சான்றாயிற்று! 1990இல் ஆலன் சாமெட்கின் குழுவினர், இளமை முதல் இக்கோளாறு உடைய 25 பெரியவர்களின் மூளையை ஆராய்ந்து, அது சர்க்கரையைப் பயன்படுத்தும் அளவு மற்றவர்களைவிடக் குறைந்திருப்பதைக் கண்டனர். அவர்கள் அனைவரும் இதே கோளாறுடைய குழந்தைகளின் பெற்றோர் என்பது கருதத்தக்கது. 2008இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டி நூல் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2013இல் அமெரிக்கப் பட்டியல், 17 வயதைக் கடந்தவர்களுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து அறிகுறிகள் போதும் என்றும், அறிகுறிகளிற் சில 12 வயதுக்குமுன் தோன்றியிருக்க வேண்டும் என்றும் வகுத்தது.

இந்தக் கடைசி விதியை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை இல்லை. படமெடுத்து முடிவுகட்டும் கருவியும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. அது சல்லடையே ஒழிய முடிவன்று. மருத்துவர் நோயாளியின் வாழ்க்கையை விசாரித்தே முடிவு காண்கிறார். அவ்விசாரணையில் பள்ளி அறிக்கைகள் நல்ல சான்று.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, முப்பத்தைந்து வயதை எட்டிய பழைய மாணவர் ஒருவர் அலுவலகம் வந்து, தம் பள்ளிப் பதிவுகளின் நகல் கேட்டார். மூன்று வேலைகளை இழந்தவர். தனியார் மருத்துவமனை ஒன்றில் பரிசோதனைக்குச் சொன்ன தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிற்று. பின்னர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றார். பழைய பதிவுகள் இருந்தால் கொண்டு வரும்படி அங்கே கூறினர். தேடி எடுத்தோம். நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, ஐந்து ஆசிரியர்கள் ஒரே கருத்தை எழுதியிருந்தனர்: திறமை உண்டு, கவனம் இல்லை. அவர் அதை இரண்டு முறை படித்தார். "ஐயா, இத்தனை பேர் பார்த்திருக்கிறார்களே!" என்றார். அந்தத் தாள்களே அவருக்கு மருந்துச் சீட்டுக்கு வழிவகுத்தன.

இனிச் செலவைப் பற்றிச் சில சொற்கள். மெத்தில்பெனிடேட் எண்பது ஆண்டுப் பழமை உடைய மருந்து. அதன் மூலக் காப்புரிமை என்றோ முடிந்துவிட்டது. அருமையாய் இருப்பது நீண்ட நேரம் ஒதுக்கி விசாரிக்கும் மருத்துவரின் பொழுதே. இம்மருந்தை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்க்குமாறு வந்த விண்ணப்பங்களை, சான்றுகள் போதா என்ற காரணத்தால், உலக சுகாதார நிறுவனம் 2019இலும் 2021இலும் ஏற்கவில்லை. நம் நாட்டில் இது போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆதலால் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. கிளர்ச்சி மருந்து வகையைச் சேராத அட்டோமாக்சடீன் 2002இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கும் அனுமதிக்கப்பட்டது; அதை நம் நாட்டு நிறுவனங்களும் தயாரிக்கின்றன.

வழிகளும் இல்லாமல் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்றது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அது இலவசம் என்றும் கூறிற்று. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். எங்குச் செல்வது என்று அறியாதவர் அங்கிருந்து தொடங்கலாம்.

மாணவர்களே! தேர்வுக்கு முன் நண்பனிடம் மாத்திரை வாங்கி விழுங்குவதற்கு இந்த வரலாறு சான்றாகாது. இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் சோதித்தறிந்தே மருத்துவர் அதை அளிப்பார். படிப்பில் ஒருநாள் மனம் செல்லாமையும் நோயன்று. இளமை முதல், வீட்டிலும் வெளியிலும், முயன்றும் முடியாமற் போவதே நோயின் அடையாளம். அத்தகையவர் உங்கள் இல்லத்தில் இருக்கலாம். தந்தையாகவோ, தமக்கையாகவோ, நீங்களாகவோ இருக்கலாம். சோம்பேறி என்று முத்திரை குத்துவதற்குமுன் ஒரு முறையேனும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். போகும்போது பழைய மதிப்பெண் அட்டைகளையும் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள்.