முகத்துவாரமும் மூச்சுக்குழாயும்

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் உள்நீர் வெளியேற வழியின்றித் தேங்குவதை வாவிக்கரை மக்கள் நன்கறிவர். தொய்வு நோயாளியின் மார்பினுள் நிகழ்வதும் இதனையொத்ததே. மூச்சுக்குழாய்கள் சுருங்க, உட்சென்ற காற்று வெளியேற இயலாது தேங்குகின்றது.

இந்நோய்க்கு மருந்து கண்டது கணிதமன்று, அனுபவமே. சென்னையில் வழங்கிய ஊமத்தைப் புகை மருத்துவத்தை 1802ஆம் ஆண்டில் ஜெனரல் ஜென்ட் பிரித்தானியாவுக்குக் கொண்டு சென்றார். ஊமத்தையிலுள்ள அத்திரோப்பின் குழாய்த் தசையைத் தளர்த்தும். அதனைச் சுமந்து சென்றவை புகையின் நுண்துகள்களே.

காரணம் பின்னரே துலங்கியது. குழாயின் ஆரை பாதியானால் சீரான ஓட்டத்துக்குரிய தடை 16 மடங்காகும் என்பது 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் நீர்மங்களை ஆராய்ந்து கண்ட விதியின் விளைவாகும். 1963இல் வைபெல், மூச்சுக்குழாய்கள் 23 தலைமுறைகளாகக் கிளைப்பதை அளவுகளோடு மாதிரியாக வகுத்தார். அத்தகைய மாதிரிகளில் காற்றையும் துகள்களையும் இன்று கணினி ஓடவிட்டுப் பார்க்கின்றது. பெருந்துகள்கள் தொண்டையிலேயே மோதிப் படியும். ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரோன் வரையானவையே ஆழம் செல்லும். சுருங்கிய குழாயிலோ அவையும் சுருக்கத்தருகே படிந்துவிடலாம். அவ்வாறாயின், மருந்து மிகவும் வேண்டப்படும் பகுதியே அதனைப் பெறாது போகும். அப்பகுதியை முன்னறிந்து மருந்தை அங்கே சேர்ப்பிக்க வழிகாட்டுவதே இக்கணிப்பின் பயன். புகையை நம்பிய முன்னோர் விட்ட இடத்திலிருந்தே கணிதம் தன் பணியைத் தொடர்கின்றது.