மலைநாட்டுத் தமிழரின் வாக்குரிமை: குடிப்பிறப்பும் குடியிருப்பும்

குடி என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. பிறந்த குலத்தையும் அது குறிக்கும். ஓரிடத்தில் நிலைத்து வாழ்தலையும் குறிக்கும். திருக்குறளில் குடிமை என்னும் அதிகாரம் முன்னைய பொருள் பற்றி எழுந்தது. குடியேறுதல், குடியிருத்தல், குடிபெயர்தல் முதலிய வழக்குகள் பின்னைய பொருள் பற்றியன. ஒரு நாட்டின் தேர்தலில் வாக்களிக்கத் தக்கார் யாவர் என்னும் வினாவிற்கு இவ்விரண்டனுள் எதனைக் கொண்டு விடை காண்பது என்பது சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. இலங்கை மலைநாட்டில் பல இலட்சம் தமிழரின் வாழ்வு அவ்விடையைப் பொறுத்தே அமைந்தது. அவ்வரலாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துத் தொழிலாளர் கங்காணிமார் வழியாகச் சென்றனர். இவர்களை அடையாளங்காட்டும் ஆவணங்கள் அக்காலத்திலேயே வழக்கில் இருந்தன. துண்டு எனப்பட்ட சீட்டு, தொழிலாளி பட்ட கடனைக் குறித்தது. அக்கடனைத் தீர்க்க உடன்படும் தோட்டத்திற்கே அவர் மாறிச் செல்லலாம். இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண் பொறித்த தகர வில்லைகளும் வழங்கப்பட்டன. ஒருவர் எத்தோட்டத்திற்கு உரியவர், எவ்வளவு கடன்பட்டவர் என்பனவற்றையே இவை காட்டின. எந்நாட்டுக் குடி என்பதைக் காட்டுதல் இவற்றின் நோக்கமன்று.

வாக்குரிமை வரலாறு 1931இல் தொடங்குகிறது. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் இலங்கையில் வாக்குரிமை வழங்கப்பட்டது. எனினும், இந்தியத் தொழிலாளர் மிகுதியாக வாக்காளராதலைக் கண்டிச் சிங்களத் தலைவர் அஞ்சினர். தோட்டங்களின் பெருக்கத்தால் தம் நிலவளம் சுருங்கியது என்னும் குறையும் அவ்வச்சத்திற்கு ஒரு காரணமாகும். ஆகவே, நாட்டில் நிலையாகக் குடியமர்ந்தமைக்குச் சான்று வேண்டும் என்னும் விதி சேர்க்கப்பட்டது. கடுமையுடையதாயினும், இவ்விதி குடியிருப்பையே அடிப்படையாகக் கொண்டதென்பது குறிப்பிடத்தக்கது. அதன்கீழ்ப் பெரி சுந்தரம் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று அமைச்சரும் ஆனார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசு 7 இடங்களைப் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டின் குடிக்கணக்கின்படி இலங்கையில் வாழ்ந்த இந்தியத் தமிழர் 7,80,000க்கு மேற்பட்டவர். அஃதாவது மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேல்.

விடுதலை பெற்ற ஆண்டிலேயே அளவுகோல் மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தார் ஒருவர் வழிவழிக் குடிமகனாதற்கு அவர்தம் தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் ஆகிய இருவரேனும் அந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும் என்றது. குடியிருப்பின் இடத்தைக் குடிப்பிறப்புப் பிடித்தது. பிறப்புப் பதிவு நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். அதற்கு முற்பட்ட தலைமுறையினரின் பிறப்பிற்குத் தோட்டத் தொழிலாளர் எச்சான்றைக் காட்டவல்லார்?

1949ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம், பதிவு வழியாகக் குடியுரிமை பெறும் வழியொன்றை வகுத்தது. 1946 சனவரி முதல் நாளுக்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும். விண்ணப்பிக்க இரண்டாண்டுக் காலம் தரப்பட்டது. அதே ஆண்டின் 48ஆம் எண் சட்டம், குடியுரிமை இல்லாதார் வாக்காளர் பட்டியலில் இடம்பெறார் என விதித்தது. காங்கிரசு முதலில் விண்ணப்பியாமையையே எதிர்ப்பு முறையாகக் கொண்டு, பின்னர் அந்நிலையை மாற்றிக்கொண்டது. இறுதியில் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்கு விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றவர் ஏறக்குறைய 1,34,000 பேரே. 1947இல் அரசின் பட்டியலிலேயே பெயர் கொண்டு வாக்களித்தவர், அதே இடத்தில் வாழ்ந்தும் 1952இல் வாக்களிக்க இயலாதவரானார். அவ்வாண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் சார்பில் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டிலர்.

இச்சட்டங்கள் நீதிமன்றத்திலும் ஆராயப்பட்டன. ஓர் இனத்தார்க்கு மட்டும் தகுதிக்குறைவு விளைக்கும் சட்டத்தை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. ஆயினும், தன் குடிமக்கள் யாவரென வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான பணி எனக் கொண்டு, 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அவை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சட்டம் எவ்வினத்தின் பெயரையும் சுட்டவில்லை என்பது உண்மையே. அது வேண்டிய சான்று எவ்வினத்தாரிடம் இல்லாதிருந்தது என்பதே வரலாற்றாசிரியர் நோக்கவேண்டியது.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. தொகுதிகள் வாக்காளர் எண்ணிக்கையை ஒட்டாமல், மொத்த மக்கள்தொகையையும் நிலப்பரப்பையும் ஒட்டி வகுக்கப்பட்டன. எனவே, வாக்கிழந்தவரும் தொகுதிக் கணக்கில் எண்ணப்பட்டனர். அவர்தம் எண்ணிக்கையால் கிடைத்த இடங்களை அப்பகுதியின் ஏனை வாக்காளர் நிரப்பினர். தலை கணக்கிடப்பட்டது, வாக்குக் கணக்கிடப்படவில்லை.

இந்தியாவும் இவர்கள் அனைவரையும் தன் குடிகளாகத் தானே ஏற்கவில்லை. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாத்திரியும் செய்த உடன்படிக்கை, 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இருநாட்டிற்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். பகுக்கப்பட்டவரின் கருத்து இவற்றிற் கேட்கப்படவில்லை. 1977இல் சௌ. தொண்டமான் நுவரெலியா–மசுகெலியாத் தொகுதியில் வென்றார். 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சியோர்க்கும் குடியுரிமைக்கு வழிசெய்தன. பின்னைய சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் நிலையாக வாழ்ந்த இந்திய வழியினரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் ஏற்றது.

இதனால் பெறப்படுவது யாது? வாக்காளர் இன்னார் என அறிதல் தேர்தலின் நேர்மைக்கு இன்றியமையாதது. அதனை மறுப்பார் இலர். ஆயின், அரசு முன்னர்ப் பதிவு செய்யாததொன்றைக் குடிகளிடம் சான்றாகக் கேட்குமிடத்து, அடையாளங்காணும் முறையே விலக்கும் முறையாகிவிடுகிறது. 1948இல் கைவிடப்பட்ட குடியிருப்பு என்னும் அளவுகோலுக்கு இலங்கை மீள 55 ஆண்டுகள் சென்றன. அதற்குள் தலைமுறை இரண்டு வாக்கின்றிக் கழிந்தன என்க.