சுவிஸ் பேனாக்கத்தியின் கதை

சட்டைப் பையில் அடங்கும் பேனாக்கத்தியை அறியாதவர் யார்? அதைச் சொந்த நாட்டிலேயே செய்ய சுவிட்சர்லாந்து பட்ட பாட்டைக் காண்போம்.

1889-இல் அந்நாட்டு இராணுவம் புதிய துப்பாக்கியை ஏற்றது. அதைக் கழற்றத் திருப்புளி தேவை. டப்பா உணவைத் திறக்கவும் கருவி தேவை. ஆகவே இவற்றுடன் கத்தி, குத்தூசி ஆகியவையும் சேர்ந்த மடக்குக் கத்தி தீர்மானிக்கப்பட்டது. ஆனால் அத்தனை கத்திகளைச் செய்யும் வசதி உள்நாட்டில் இல்லை. முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன.

ஈபாக் ஊரில் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்செனர், பிற கத்தி செய்வோருடன் கூட்டுச் சேர்ந்து 1891-இல் இராணுவத்துக்குக் கத்தி வழங்கினார். ஜெர்மானியக் கத்தியோ விலை மலிவு! கூட்டாளிகள் விலகினர். எல்செனர் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தார். ஆயினும் பட்டறையை மூடவில்லை.

1897-இல் அவர் பதிவு செய்த அதிகாரிக் கத்தியில் ஒரே எஃகு வில், முதுகுப்புறக் கருவியையும் முன்புறக் கருவியையும் தாங்கியது. ஆறு கருவிகளுக்கு இரண்டே வில்கள்! எடை குறைந்தது; தொழில் பிழைத்தது.

கத்தி வாங்கும்போது ஊர் முத்திரையோடு நின்றுவிடாதீர்கள். அலகை விரியுங்கள். வளைந்த வில் நிமிர்ந்து ‘டக்’கென்று ஒலிக்கிறதா? அலகு ஆடாமல் நிற்கிறதா? உள்நாட்டுச் சரக்கை நிலைநிறுத்துவது அந்த வில்தான்.